படத்தில் கண்ட காப்பி

காலையில் காப்பியின் மணம் எழும் வீடுகள் நம் நாட்டில் பல. நாள்தோறும் இருமுறை, மும்முறை அதனை அருந்துகிறோம். ஆனால் அருந்தும் பொருளைப் பற்றி என்ன அறிவோம் என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் அப்படி விழித்தவனே.

கிணத்துக்கடவில் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு நாள், "காப்பி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "கடையிலிருந்துங்க ஐயா" என்று ஒரே குரலில் விடை வந்தது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். உடனே ஒரு சிறுவன் எழுந்து, "கடைக்கு எங்கிருந்துங்க ஐயா வருது?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். என் சிரிப்பு அடங்கிவிட்டது. "மலையிலிருந்து" என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அன்றே ஒரு முடிவு செய்தோம். அந்த ஆண்டு முழுவதும் காப்பியைப் பற்றிய படங்களைத் திரட்டுவது, கிடைக்காதவற்றை நாமே வரைவது, வகுப்பின் சுவரில் வரிசையாக மாட்டுவது என்பதே அம்முடிவு. படம் நல்ல ஆசான் என்பதை அவ்வாண்டில் கண்டேன். கேள்வி கேளாத மாணவனை அந்த ஆசான் ஏமாற்றிவிடுவதும் உண்டு என்பதையும் கண்டேன். அந்த இரண்டையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாங்கள் வரைந்தது உயரப் படம். எங்கள் ஊர் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. பொன்மலை வேலாயுதசாமி கோயிலின் படிகளில் ஏறி நின்று, வானம் தெளிந்த நாளில் தெற்கே நோக்கினால், ஆனைமலைத் தொடர் நீலக் கோடு போலத் தோன்றும். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து ஆழியாற்றைக் கடந்து, 40 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் வால்பாறையை அடையலாம். அது மேலும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அம்மலையில் 19-ஆம் நூற்றாண்டில் முதலில் நடப்பட்ட தோட்டப் பயிர் காப்பியே. பின்னர்த் தேயிலை பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது; ஆயினும் காப்பித் தோட்டங்கள் இன்றும் அங்கே உண்டு.

இந்த வழியைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரையத் தொடங்கினோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டோம். படம் 85 சென்டிமீட்டர் நீளம் வந்தது. வால்பாறையோ கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனவே படத்தில் அதன் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான்! "இது மலையாட்டம் இல்லீங்க ஐயா, வரப்பாட்டம் இருக்குதுங்க" என்றான் ஒரு மாணவன். உடனே உயரத்திற்கு மட்டும் அளவை இருபது மடங்கு பெருக்கினோம். இப்போது மலை எழுந்து நின்றது; வகுப்பு மகிழ்ந்தது. ஆனால் அந்த மலை உண்மையில் அவ்வளவு செங்குத்தானது அன்று. நாங்கள் பெருக்கியதால் அப்படித் தோன்றியது. ஆகையால் படத்தின் அடியில், "உயரம் இருபது மடங்கு பெருக்கிக் காட்டப்பட்டது" என்று எழுதி வைத்தோம். எந்தப் படத்தைக் கண்டாலும் அதன் அளவை முதலில் பார்க்க வேண்டும் என்ற பாடம் இவ்வாறு எங்களுக்குக் கிடைத்தது.

பிறகு அந்தப் படத்தில் இரண்டு வண்ணப் பட்டைகள் தீட்டினோம். நம் நாட்டில் பெரும்பாலும் பயிராகும் காப்பி இரு வகை. ஒன்று அராபிகா, மற்றொன்று ரோபஸ்டா. அராபிகா 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயர்ந்த, குளிர்ந்த இடத்தை விரும்புவது. மணமும் மென்மையான புளிப்பும் அதன் சிறப்பு. ரோபஸ்டா 500 முதல் 1,000 மீட்டர் வரை, சற்று வெப்பமான இடத்திலும் வளர்வது. நோயைத் தாங்கும் வலிமை உடையது. கசப்பும் காரமும் மிகுந்தது. இரண்டிற்கும் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குக் குறையாத மழை வேண்டும். அராபிகாவிற்கு அதனினும் மிகுதியாக வேண்டும். எங்கள் ஊரோ இரண்டு பட்டைகளுக்கும் கீழே, மலைகளின் மழைமறைவில் கிடக்கிறது. தென்னையும் தக்காளியும் விளையும் எங்கள் மண்ணில் காப்பி ஏன் விளையவில்லை என்பதற்கு நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது. அந்தப் படம் ஒரு நொடியில் விளக்கிவிட்டது.

அதனருகே ஒரு வட்டத்தையும் வரைந்தோம். இந்தியாவில் விளையும் காப்பி முழுவதையும் அந்த வட்டமாகக் கொண்டால், பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்திற்குப் போய்விடும். அடுத்த பெரும்பங்கு கேரளத்திற்கு. தமிழ்நாட்டின் பங்கு ஒரு மெல்லிய கீற்று. ஏற்காடு, நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகிய எல்லாம் அந்தக் கீற்றினுள் அடக்கம்.

இரண்டாவது படம், பழத்திலிருந்து கோப்பை வரை காப்பி வரும் வழியைக் காட்டுவது. பழத்தைக் குறுக்கே வெட்டிய தோற்றத்தை ஒரு மூலையில் பெரிதாக வரைந்தோம். வெளியே சிவந்த தோல், அதன்கீழ் இனிய சதை, அதற்குள் வழவழப்பான பசை, பிறகு காகிதம் போன்ற உறை, அதனுள் வெள்ளி போன்ற மெல்லிய தோல், அதற்குள்ளேதான் கொட்டை. ஒரு பழத்தில் இரண்டு கொட்டைகள், தட்டையான முகங்கள் எதிரெதிரே பொருந்த, அடங்கியிருக்கும். சில பழங்களில் ஒன்று வளராமல் போக, மற்றொன்று உருண்டையாகத் திரளும். கடைகளில் 'பீபெரி' என்று விற்கப்படுவது அதுவே.

அந்த மூலையிலிருந்து அம்புக்குறிகள் புறப்பட்டன. பறித்தல், சதை நீக்குதல், தொட்டியில் புளிக்கவைத்துக் கழுவுதல், வெயிலில் உலர்த்துதல், உறை நீக்குதல், தரம் பிரித்தல், வறுத்தல், அரைத்தல் என்று எட்டுக் கட்டங்கள். சதையை நீக்காமல் பழத்தை முழுதாகவே உலர்த்தும் மற்றொரு முறையும் உண்டு. அதற்கு ஒரு கிளை அம்பு இட்டோம். படம் அழகாக அமைந்தது. தலைமையாசிரியரும் வந்து பாராட்டினார்.

அவர் சென்றபின், கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மெல்ல எழுந்தாள். அதுவரை வகுப்பில் வாய் திறவாதவள். "ஐயா, பறிக்கறது யாருங்க? படத்துல ஆளே இல்லீங்களே?" என்று கேட்டாள். நான் படத்தை மீண்டும் பார்த்தேன். உண்மைதான். தொட்டி இருந்தது, உலர்த்தும் களம் இருந்தது, வறுக்கும் உருளையும் அரைக்கும் எந்திரமும் இருந்தன. எட்டுக் கட்டங்களில் ஒன்றிலேனும் ஒரு மனிதக் கை இல்லை. "ஏனம்மா கேட்கிறாய்?" என்றேன். "எங்கம்மா காப்பித் தோட்டத்துலதான் இருந்தாங்க" என்றாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் குடும்பம் ஆனைமலையிலிருந்து இறங்கி எங்கள் ஊருக்கு வந்ததாம்.

அடுத்த வாரம் அந்த அம்மையாரைப் பள்ளிக்கு அழைத்தோம். அவர் வகுப்பினுள் வரத் தயங்கி வாயிலிலேயே நின்றார். "உள்ளே வாங்கம்மா, நீங்கள்தான் இன்றைக்கு ஆசிரியர்" என்று சொல்லி அழைத்து வந்தேன். அவர் படத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, கிளையில் நாங்கள் ஒரே சிவப்பாகத் தீட்டியிருந்த பழக்கொத்தைத் தொட்டுக் காட்டி, "இப்படி இருக்காதுங்க" என்றார். "ஒரே கொத்துல பச்சையும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், செவப்பும் இருக்குமுங்க. செவந்ததை மட்டுந்தான் எடுக்கோணும். மத்ததை விட்டுப்போட்டு, பொறவு மறுக்கா வந்து எடுக்கோணும். பச்சையை உருவிப்போட்டா காப்பி கெட்டுப்போயிருமுங்க."

எந்த நூலிலும் நான் கவனியாத செய்தி அது. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது அவர் சொன்னது முற்றும் உண்மை என்று அறிந்தேன். பழங்கள் ஒரே நாளில் கனிவதில்லை. ஆகவே ஒரே செடிக்குப் பலமுறை சென்று பறிக்க வேண்டும். காப்பியின் சுவையில் ஒரு பெரும்பகுதி, எந்த எந்திரத்தையும் அணுகுமுன்பே, பறிப்பவரின் கண்ணாலும் விரலாலும் முடிவாகிவிடுகிறது. நாங்கள் பறித்தலுக்கு ஓர் அம்பு மட்டும் இட்டு, அந்தக் கண்ணையும் விரலையும் விட்டுவிட்டோம்.

அன்று வகுப்பில் ஒரு கணக்கும் போட்டோம். ஒரு கிலோகிராம் உலர்ந்த பச்சைக் கொட்டை கிடைப்பதற்கு ஏறத்தாழ ஐந்து ஆறு கிலோகிராம் பழம் வேண்டும். வறுக்கும்போது அதில் ஆறில் ஒரு பங்கு அளவு எடை குறைந்துவிடும். நாம் ஒரு வேளை அருந்தும் காப்பிக்குப் பத்துக் கிராம் தூள் என்று கொண்டால், அதில் எழுபது, எண்பது கொட்டைகள் அரைபட்டிருக்கும். அஃதாவது, முப்பத்தைந்து நாற்பது பழங்கள். ஒவ்வொன்றையும் ஒரு கை தேர்ந்து பறித்திருக்கிறது. அந்த மாணவி அன்று மாலையே படத்தின் முதல் அம்பின்மேல் ஒரு கையை வரைந்தாள். கொத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களையும் தீட்டினாள்.

அதன்பின் எங்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தப் படத்தைக் கண்டாலும், "இதில் விடுபட்டது என்ன?" என்று கேட்போம். ஒரு நூலில் இலங்கையின் காப்பி ஏற்றுமதியைக் காட்டும் கோட்டுப் படம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோடு மேலே ஏறுகிறது. 1870-களில் உச்சியில் நிற்கிறது. 1880-களில் மலைமுகட்டிலிருந்து விழுவது போலச் சரிகிறது. காரணம், காப்பி இலைகளின் அடியில் துருப்போலப் படியும் ஒரு பூஞ்சை நோய். 1869-இல் இலங்கையில் அது கண்டறியப்பட்டது. அறிவியலார் அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டனர். சில ஆண்டுகளுக்குள் அங்குள்ள காப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை கைக்கொண்டது.

கோடு இவ்வளவையும் சொல்கிறது, சரியாகவே சொல்கிறது. ஆனால் அந்தக் கோட்டை மேலே ஏற்றியவர்கள் யார்? தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கண்டி மலைக்குக் கால்நடையாகச் சென்ற ஏழை மக்கள். பசியாலும் காலரா முதலிய நோயாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். கோடு ஏறிய காலத்திலும் அவர்கள் வாழ்வு ஏறவில்லை. கோடு இறங்கியபோது முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே. இவற்றைக் காட்ட அந்தப் படத்தில் இடம் இல்லை. இது படம் வரைந்தவரின் குற்றம் அன்று. ஏற்றுமதியைக் காட்டவே அவர் வரைந்தார். விடுபட்டதைத் தேடிக் காண்பது படிப்பவரின் கடமை.

அடுத்து, தரத்தைக் காட்டும் படம். கடைப் பலகையில் 'பிளாண்டேஷன் ஏ' என்று எழுதியிருந்தால், அது மிக உயர்ந்த சுவை என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த எழுத்து கொட்டையின் பருமனைப் பற்றியது. வட்டத் துளைகள் கொண்ட சல்லடைகளில் கொட்டையைச் சலித்துப் பிரிக்கிறார்கள். சல்லடையின் எண், துளையின் அகலம் ஓர் அங்குலத்தின் 64 பங்குகளில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 17 என்றால் 64-இல் 17 பங்கு. ஒரே பருமனான கொட்டைகள் ஒருசேர வறுபடும். ஆகவே இப்பிரிப்புப் பயனுள்ளதே. ஆனால் பெரிய கொட்டை சிறிய கொட்டையைவிடச் சுவையானது என்று சல்லடை சொல்லவில்லை, நாமாக எண்ணிக்கொள்கிறோம்.

இனி, காப்பி இறக்குவதைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற படம். 1950-களில் அமெரிக்காவில் லாக்ஹார்ட் என்ற அறிஞர் இதனை வகுத்தார். படுக்கைக் கோட்டில், தூளில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீரில் கரைந்தது என்ற அளவு. நிமிர்ந்த கோட்டில், கோப்பையில் உள்ள நீரில் நூற்றுக்கு எத்தனை பங்கு காப்பிச் சத்து என்ற அளவு. முன்னது 18 முதல் 22 வரை, பின்னது 1.15 முதல் 1.35 வரை. இவ்விரண்டும் கூடும் இடத்தில் ஒரு சிறிய கட்டம். அந்தக் கட்டத்தினுள் விழும் காப்பியே நல்ல காப்பி என்பது படத்தின் தீர்ப்பு.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 55 கிராம் தூள் என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு 20 பங்கு கரைந்தால் 11 கிராம். தூள் குடித்துக்கொண்டது போக எஞ்சும் காப்பி ஏறத்தாழ 900 கிராம். அதில் 11 கிராம் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 1.2 பங்கு, கட்டத்தின் உள்ளே விழுகிறது. தூளிலிருந்து குறைவாகக் கரைந்தால் வெறும் புளிப்பு. மிகுதியாகக் கரைந்தால் கசப்பும் துவர்ப்பும். 'காப்பி நீர்த்துவிட்டது' என்பதும் 'காப்பி கசக்கிறது' என்பதும் இரண்டு வேறு குறைகள் என்பதை இந்தப் படம்போல் தெளிவாக்குவது வேறில்லை. முதற்குறைக்குத் தூளைக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்கு, அரைப்பின் நயத்தையோ நீர் நிற்கும் நேரத்தையோ மாற்ற வேண்டும்.

மாணவர்கள் விடவில்லை. "நம்ம வீட்டு டிகாக்ஷன் இதுல எங்கீங்க ஐயா விழும்?" என்று கேட்டார்கள். நம் பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன் அந்தக் கட்டத்திற்கு மிக உயரே, சில வேளை தாளுக்கே வெளியே விழும். அப்படியானால் நம் தாய்மார்கள் இறக்குவது கெட்ட காப்பியா? இல்லை. அந்தக் கட்டம், பால் கலவாமல் பெரிய கோப்பையில் அருந்தும் அமெரிக்கரின் நாவைக் கேட்டு வரைந்தது. நாமோ டிகாக்ஷனை அப்படியே அருந்துவதில்லை. பாலைத் தாங்குவதற்காகவே அதனைத் திண்மையாக இறக்குகிறோம். படத்தின் கணக்கு எல்லா நாட்டிற்கும் பொது. அதன் தீர்ப்பு அதை வரைந்த ஊருக்கு உரியது. இந்த வேறுபாட்டை உணர்ந்தவன் எந்த நாட்டுப் படத்தையும் அச்சமின்றிப் படிக்கலாம்.

கடைசியாக, சுவைச் சக்கரம். 1995-இல் அமெரிக்கச் சங்கம் ஒன்று வெளியிட்டு, 2016-இல் திருத்தி அமைத்த வண்ணச் சக்கரம் அது. நடுவில் பழம், பூ, புளிப்பு, இனிப்பு, கொட்டை, வாசனைப்பொருள், வறுவல் என்று பெரும்பிரிவுகள். வெளிவட்டத்தில் நுட்பமான பெயர்கள். மல்லிகை, கிராம்பு, எலுமிச்சை, நிலக்கடலை ஆகியவற்றைக் கண்டதும் வகுப்பில் ஆரவாரம். ஆனால் புளூபெரி, ராஸ்பெரி, மேப்பிள் பாகு என்ற பெயர்களின் முன் அனைவரும் திகைத்தனர். நானும் அவற்றைச் சுவைத்தவன் அல்லேன். அறியாத சுவையைக் கொண்டு அறிந்த காப்பியை எப்படி விளக்குவது?

ஆகவே எங்களுக்கென ஒரு சக்கரம் வரைந்தோம். பால் கலவாத காப்பியை ஆளுக்கு ஒரு கரண்டி சுவைத்து, தோன்றியதைச் சொல்லச் சொன்னேன். பழம்புளி, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வறுத்த கொத்தமல்லி, தேங்காய்ச் சிரட்டை கருகும் மணம், முதல் மழையில் எழும் மண்ணின் மணம் என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த மாணவியின் தாயாரிடமும் கேட்டு வரச்சொன்னேன். "பழத்தோட சதை தித்திப்பா இருக்கும், நல்ல காப்பியில அந்தத் தித்திப்பு கடைசியில நாக்குல நிக்குமுங்க" என்றாராம். எங்கள் சக்கரத்தின் நடுவில் அந்தச் சொல்லையே எழுதினோம். கருவி அயல்நாட்டிலிருந்து வரலாம். அதை நிரப்பும் சொற்கள் நம் மண்ணிலிருந்து வரவேண்டும்.

படங்கள் எல்லாம் முடிந்த பின், கண்ணாடிக் குவளை ஒன்றில் தண்ணீர் எடுத்து ஒரு சோதனை செய்தோம். காப்பியுடன் கலக்கும் சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்துச் சேர்க்கிறார்கள். அது நஞ்சன்று, டிகாக்ஷனுக்கு நிறமும் திண்மையும் தருவது. ஆனால் அது காப்பியும் அன்று. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்பதும், கலவையின் அளவை உறையில் குறிக்க வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டம். உறையில் காப்பிக்கொட்டையின் படம் பெரிதாக இருக்கும். அளவைக் கூறும் எழுத்து சிறிதாக இருக்கும். அவரவர் வீட்டுத் தூளில் ஒரு சிட்டிகை கொண்டுவந்து தண்ணீரின்மேல் தூவினோம். காப்பித் தூள் மிதந்தது. சிக்கரி, பழுப்பு நிறக் கோடுகளை இழுத்துக்கொண்டு விரைவில் கீழே இறங்கியது. உறைமேல் இருந்த படம் சொல்லாததை ஒரு குவளைத் தண்ணீர் சொல்லிற்று. அன்று மாலை, பல வீடுகளில் உறையின் சிறிய எழுத்துகள் முதன்முறையாகப் படிக்கப்பட்டன என்று மறுநாள் அறிந்தேன்.

மாணவ நண்பர்களே, இது காப்பிக்கு மட்டும் உரிய பாடம் அன்று. இன்று செய்தித்தாளைத் திறந்தாலும் கைப்பேசியைத் திறந்தாலும் வண்ண வண்ணமான படங்கள் நம்மை எதிர்கொள்கின்றன. அவற்றை வெறுக்க வேண்டா. அவை அறிவின் சுருக்கு வழிகள். ஆனால் ஒவ்வொரு படத்தின் முன்னும் சற்று நில்லுங்கள். அதன் அளவு என்ன, யாருடைய நாவுக்காக வரைந்தது, அதில் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு குவளைத் தண்ணீரையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சுவர்ப்படங்களில் பெரும்பாலானவை செல்லரித்துப் போயின. ஒன்றை மட்டும் வீட்டிற்கு எடுத்துவந்து மாட்டியிருக்கிறேன். எட்டு அம்புகள் கொண்ட படம் அது. காலையில் காப்பியைக் கையில் எடுக்கும்போது என் கண் அதன் முதல் அம்பின்மேல் செல்லும். மூன்று நிறம் கொண்ட ஒரு கொத்தும், சிவந்த பழத்தை மட்டும் தேர்ந்து நீளும் ஒரு கையும் அங்கே இருக்கின்றன.